மேனேஜருக்கு இரண்டு கிண்ணம்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த வீட்டில் எல்லோரும் எழுந்திருக்கிறோம், சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம். அதனால் நலம் என்றே வைத்துக்கொள். உன் உடம்பு எப்படி? தீவில் காற்று காதைப் பிய்க்கிறது என்று எழுதியிருந்தாயே, பஞ்சு வைத்துக்கொள்கிறாயா?

உன் பூனைக்கு உடம்பு சரியில்லை. எடுத்தவுடனே சொன்னால் பதறுவாய் என்றுதான் பஞ்சைப் பற்றி முதலில் எழுதினேன். ஒரு வாரமாக மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்கிக்கொண்டே இருந்தார். சொட்டுச் சொட்டாகப் போனது. கடைசி இரண்டு நாள் ரத்தம். தட்டில் போனது போக மிச்சம் குளியலறைத் தரையில், கால்மிதியில், என் வேலைச் செருப்பில். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் முறைக்கிறார் என்று அவருக்கு நீ மேனேஜர் என்று பேர் வைத்தாய். எங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ மேனேஜர் பார்த்துவிட்டேன், யாரும் என் செருப்பில் போனதில்லை.

துணி அறையில் காலை ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, பழைய தலையணை உறைக்குள் அவரைப் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, பாலத்துப் பக்கம் இருக்கிற கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கத்தல். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, சிறுநீர்ப் பையில் கல் என்றார்கள். கல்லைக் கரைக்க ஒரு தனித் தீனி கொடுத்திருக்கிறார்கள். இதைத் தவிர வேறு ஒரு பருக்கைகூட வாயில் போகக் கூடாதாம்.

நான் கொடுக்க மாட்டேன். ஆனால் மாடியில் சாமான் அறையில் இன்னொரு கிண்ணம் இருக்கிறது. அதில் பழுப்பாக வேறு என்னவோ தீனி கிடக்கிறது. அது என்ன என்று உன் அப்பாவிடம் கேட்டு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. தலைமுடியை வெட்டிவிடாதே.

அம்மா

---

பிப்ரவரி 16

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பஞ்சு வைத்துக்கொள்கிறேன். உன் கால் வலி பற்றி நீ எழுதவே இல்லை, அதையும் எழுது.

மேனேஜருக்கு ரத்தம் போனது என்று படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. பதினைந்து நாளைக்கு ஒரு படகு. கடிதம் கைக்கு வருவதற்குள் அங்கே என்னென்ன நடந்திருக்குமோ. வயர்லெஸ்ஸில் மழை அளவும் காற்றின் வேகமும் மட்டும்தான் அனுப்பலாம். பூனை எத்தனை முறை போனது என்று கேட்டு அனுப்பினால் எங்கள் வானிலை நிலையத் தலைவர் என்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார். இங்கே இருப்பதே அவர், சமையல்காரர், நான், மூன்று பேர்தான். ஒரு ஆளைப் போட்டாலும் வேலை நின்றுவிடும் என்பதால் பிழைத்துக்கிடக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. அப்பா பக்கத்து அறையில்தானே இருக்கிறார்? அந்தக் கிண்ணத்தில் என்ன என்று அவரிடம் நேராகக் கேட்காமல் கடல் தாண்டி என்னிடம் கேட்பானேன்? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலையாக இருக்கிறது. இருந்தாலும் நீ சொன்னதற்காக அவருக்கும் இதே தபாலில் எழுதுகிறேன்.

மேனேஜரை என் நாற்காலியில் படுக்க விடு. முறைத்தால் முறைக்கட்டும்.

உன் மகள்

---

மார்ச் 1

பாப்பாவுக்கு,

அப்பா. சௌக்கியம். முழங்கால்தான் படியேற மறுக்கிறது. முப்பத்தி நாலு வருஷம் ஊர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் வீட்டில் படியேறித்தான் ஆக வேண்டும். உனக்கு ஒன்றுமில்லையே?

கிண்ணம் பற்றிக் கேட்டாய். மேனேஜருக்குச் சர்க்கரை. டிசம்பரில் வாளிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தான். சாப்பிடச் சாப்பிட இளைத்தான். ஜனவரியில் சந்தை முனை டாக்டரிடம் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்துப் பார்த்துச் சொன்னார். காலை ஏழு, மாலை ஏழு, தோள்பட்டைக்குப் பின்னால் தோலைத் தூக்கி ஒரு யூனிட் ஊசி. சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் ஆபத்து. கிண்ணத்தில் இருப்பது சர்க்கரைக்கான தீனி. கறி அதிகம், மாவு குறைவு.

மருந்து ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் இருக்கிறது. உன் அம்மா அதை என் கண் சொட்டு மருந்து என்று நினைத்திருப்பாள். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மாலை ஊசியை மாடியில் வைத்துப் போடுகிறேன். பூனையை நான் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்சுவதாக நினைக்கிறாள்.

அவள் கீழே வைக்கிற புதுப் பாக்கெட்டின் பின்பக்கம் படித்தேன். பாதி அரிசி, சோளம். அதனால்தான் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது. அதை வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்.

நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நீ கிளம்பிப் போனதிலிருந்து. நீ அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மேனேஜருக்கு இருப்பது சர்க்கரை என்று மட்டும் அவளுக்கு எழுது.

அப்பா

---

மார்ச் 15

அம்மாவுக்கு,

இங்கு நலம். உன் கால் வலிக்குப் பதில் இன்னும் வரவில்லை.

மேனேஜருக்குச் சர்க்கரை வியாதியாம். இதை நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அப்பா ஜனவரியிலிருந்து ஊசி போடுகிறார். முட்டைக்குப் பின்னால் இருப்பது கண் மருந்து இல்லை. மாடிக் கிண்ணத்தில் இருப்பது சர்க்கரைக்கான தீனி. நீ கொடுப்பது கல்லுக்கு. அதில் இருக்கிற மாவு சர்க்கரையை ஏற்றுகிறது என்கிறார் அப்பா. அப்பா கொடுப்பது கல்லுக்கு என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை, அதை உன் டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து அரை நிமிஷத்தில் முடிக்க வேண்டிய பேச்சு இது. ஆறு வாரம் ஆகியிருக்கிறது, மூன்று படகு ஏறி இறங்கியிருக்கிறது. அந்த ஆறு வாரமும் அவன் இரண்டு கிண்ணத்திலும் தின்றுகொண்டு இருந்திருக்கிறான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

நீங்கள் பேசிக்கொள்வதில்லையாமே? நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே அம்மா.

உன் மகள்

---

மார்ச் 29

அன்பு மகளுக்கு,

அம்மா. கால் வலி கால் இருக்கும் வரை இருக்கும், அதை விடு. நீ நலம் என்று எழுதியிருந்தது ஆறுதல்.

சர்க்கரை விஷயம் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். மாடியில் கொடுக்கிற உலர்ந்த தீனி கல்லுக்கு நல்லதில்லையாம், சிறுநீர் கெட்டியாகிவிடுமாம். நான் கொடுப்பது சர்க்கரைக்கு நல்லதில்லை. ஆக, நான் ஒன்றைக் கெடுக்க, அந்த மனுஷர் இன்னொன்றைக் கெடுக்க, இரண்டு பேருமாகச் சேர்ந்து இரண்டையும் கெடுத்திருக்கிறோம். இரண்டு நோய்க்கும் ஒத்துப்போகிற சாப்பாடு இருக்கிறதாம். ஆனால் உன் அப்பா போன டாக்டரின் சீட்டையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்க்காமல் மாற்ற மாட்டேன் என்கிறார்கள். அது உன் அப்பாவின் கருவிப் பெட்டியில் இருக்கும். எழுதிக் கேள்.

அதற்குள் நான் சும்மா இருக்கவில்லை. ஊசி போட டாக்டரம்மாவிடமே கற்றுக்கொண்டேன். உன் அப்பாவை இன்னமும் எங்காவது லிஃப்ட் நின்றுவிட்டது என்று கூப்பிடுகிறார்கள், போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. ஏழு மணி தவறக் கூடாதல்லவா? அவர் இல்லாத வேளையில் நான் போட்டுவிடுகிறேன்.

எப்படித் தெரிவிக்கிறாய் என்று கேட்பாய். மேனேஜரிடம் சொல்வேன். "மேனேஜர், உங்களுக்கு ஊசி போட்டாச்சு, இனிமே யாரும் தொட வேண்டாம்னு சொல்லுங்க." உன் அப்பா திரும்பி வந்ததும், மாடிக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன். உடனே மேலேயிருந்து பதில் வரும், அதுவும் மேனேஜருக்குத்தான்: "டேய், கேட்டுச்சுன்னு சொல்லு." இந்த வீட்டில் சாப்பாடு தயார், தண்ணீர் வரவில்லை, சாவி எங்கே, எல்லாம் இப்போது அவர் மூலமாகத்தான். அவர் நடுவில் உட்கார்ந்து காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். முதல் முறையாக மேனேஜருக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

கிண்ணம் மட்டும் இன்னும் இழுபறிதான். நான் வைத்ததை அவர் எடுத்துவிடுகிறார். அவர் வைத்ததை நான் எடுத்துவிடுகிறேன்.

அசதியாக இருக்கிறது, கண்ணு. ஒரு நாளைக்கு முந்நூறு படுக்கை விரிப்பு எண்ணி மடிக்கிறேன், அதில் இந்த அசதி இல்லை. நீ கேட்ட மற்றதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அம்மா

---

ஏப்ரல் 12

அம்மாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

அந்தச் சீட்டை நான் எழுதிக் கேட்க மாட்டேன். கருவிப் பெட்டி மாடியில் இருக்கிறது. பதினெட்டுப் படி. ஏறிப் போய், "சீட்டைக் குடுங்க" என்று கேள். உங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், ஊசி விஷயத்தில் பூனையைத் தூது விடாதீர்கள். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும்?

நீ எழுதாததை நானே எழுதிவிடுகிறேன். "பத்து நாள் பயிற்சி, போயிட்டு வந்துடுவா" என்று அப்பா உன்னிடம் சொன்னார். இரண்டு வருஷ வேலை என்று உனக்குத் தெரிந்தது படகு போன பிறகு. அதற்காகத்தான் நீ அவரிடம் பேசுவதில்லை. அம்மா, அந்தப் பொய்யை யோசித்தது நான். நீ விட மாட்டாய் என்று தெரியும். அழுவாய், நான் பெட்டியைப் பிரித்துவிடுவேன். அதனால் அப்பாவைச் சொல்லச் சொன்னேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், நினைவிருக்கிறதா?

திட்டுவதானால் என்னைத் திட்டு.

உன் மகள்

---

ஏப்ரல் 27

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். மேனேஜர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் படித்துவிடு.

போன வாரம் புதன்கிழமை. சாயங்காலம் உன் அப்பா ஏதோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் பார்க்கப் போயிருந்தார். ஏழு மணிக்கு முன்னாலேயே நான் ஊசி போட்டுவிட்டேன். பின்வாசல் கதவுச் சத்தம் கேட்டதும், அவர் மாடிக்குப் போயிருப்பார் என்று வழக்கம் போல மேனேஜரிடம் சொன்னேன், கூடத்தில் நின்று, சத்தமாக. உன் அப்பாவோ கையில் இருந்த கிரீஸைக் குழாயடியில் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். அவர் காதில் விழவில்லை. பதிலுக்கு நிற்காமல் நான் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். அவர் மணியைப் பார்த்தார், ஊசியை எடுத்தார், அவரும் போட்டுவிட்டார். இதில் சாப்பாட்டுக் கூத்து வேறு. பாதி தின்றதும் என் கிண்ணத்தை அவர் எடுத்துவிட்டார், அவர் வைத்த கிண்ணத்தை நான் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன்.

எட்டரைக்கு மேனேஜர் நடந்து வந்தார், பின்னங்கால் இரண்டும் வேறு வேறு பக்கம் போனது. சுவரில் இடித்துக்கொண்டார். வாயில் எச்சில் ஒழுகியது. அப்படியே சரிந்து கை கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "சர்க்கரைத் தண்ணியை ஈறுல தடவுங்க, தடவிக்கிட்டே கொண்டு வாங்க" என்றார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை! கரைத்தேன், தடவினேன், முக்கால்வாசி என் புடவையில் போனது.

அங்கே போனதும் டாக்டரம்மா கேட்டார்கள், "ஊசி யாரு போட்டது?"

நான் "நான்" என்றேன். அதே நேரத்தில் உன் அப்பாவும் "நான்" என்றார்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?" என்றார்கள். இந்த வயதில் இப்படி ஒரு கேள்வி கேட்கும்படி ஆயிற்று.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். சீட்டு, தாள் எல்லாவற்றையும் பார்த்து, இப்போது ஒரே சாப்பாடு, டின்னில் வருகிறது, நீர்ப்பதமாக. ஆனால் டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்கள். வயதாகிவிட்டது, இரண்டு நோயும் ஒன்றையொன்று இழுக்கும், திரும்பவும் சிறுநீர் அடைத்தால் கத்தி வைக்கிற உடம்பு இல்லை. வலி இல்லாமல் போகவிடுவது பற்றியும் யோசியுங்கள், உங்கள் மகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அவருடைய வைத்திய அட்டையில் உன் பேர்தானே இருக்கிறது. அட்டை கிடக்கட்டும், அவர் உன் பூனை.

எனக்கு முடியவில்லை, கண்ணு. ஊசியைக் கையில் எடுத்தால் அந்தப் புதன்கிழமைதான் நினைவுக்கு வருகிறது. நீ சரி என்றால் அடுத்த மாதத்திலேயே முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஒரு வார்த்தை எழுது.

பொய்யை யோசித்தது நீதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். உன் அப்பாவுக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு வரி பொய் சொல்ல வராது. உன்மேல் கோபப்பட்டால் நீ கடிதம் போடுவதை நிறுத்திவிடுவாய். அவர்மேல் கோபப்பட்டால் எங்கே போய்விடுவார்? மாடிக்குத்தான் போவார். அதனால் அவர்மேல் பட்டேன்.

அம்மா

---

ஏப்ரல் 27

பாப்பாவுக்கு,

அப்பா. நடந்ததை உன் அம்மா எழுதியிருப்பாள். தப்பு என்னுடையது. சிரிஞ்சு நனைந்திருந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். லிஃப்டில் கை வைக்கும் முன் மெயின் ஸ்விட்சை நானே போய்ப் பார்ப்பேன், யார் சொன்னாலும் நம்ப மாட்டேன். வீட்டில் பார்க்கவில்லை.

அவள் கேட்டிருப்பதையே நானும் கேட்கிறேன். அவன் பட்டது போதும் என்றால் எழுது. எங்களுக்காக யோசிக்காதே.

இன்னொன்று. அவனுக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா, "ஏங்க, தலையைப் பிடிங்க" என்றாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு "ஏங்க" என்றாள். பூனை சாகக் கிடக்கிற நேரத்தில் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

அப்பா

---

மே 10

அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பாறை மேல் உட்கார்ந்து படித்தேன். காலை பத்து மணி அளவீட்டை எடுக்க மறந்துவிட்டேன். பத்து மாதத்தில் முதல் முறை. தலைவர் கேட்டார், சொன்னேன். அவர் திட்டவில்லை, பதிவேட்டில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

விடுப்புக் கேட்டேன். மாற்று ஆள் வராமல் முடியாது, வர மூன்று மாதம் ஆகும். அதனால் அவன் தலையை மடியில் வைத்துக்கொள்ள நான் இருக்க மாட்டேன். நீ இருப்பாய், அப்பா இருப்பார். அவனை ஒரு அட்டைப் பெட்டியில் நான் தூக்கிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு போட்டது நீங்கள்தான். நான் பேர் மட்டும்தான் வைத்தேன்.

சரி, அம்மா. என் சம்மதம் இது. அவனைப் போகவிடுங்கள். அவனுக்காகச் சொல்கிறேன், உங்களுக்காகவும் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஓய்ந்துபோய்விட்டீர்கள், எழுத்திலேயே தெரிகிறது. டாக்டரம்மா கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அப்பாவுக்கும் இதையே தனியாக எழுதி இதே தபாலில் போடுகிறேன், இனி ஒருவர் மூலம் ஒருவருக்குச் சொல்லியனுப்புகிற வேலை வேண்டாம்.

எனக்கு நான்கு நாளாக வறட்டு இருமல். மற்றபடி ஒன்றுமில்லை. முடிந்த பிறகு எழுது. எப்படி என்று எழுத வேண்டாம், முடிந்தது என்று மட்டும் எழுது.

உன் மகள்

---

மே 25

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நலம். இருமல் தேவலையா? வெந்நீரே குடி, குளிர்ந்த தண்ணீர் பக்கமே போகாதே. காற்றில் நின்று அளவெடுக்கும்போது கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.

உன் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை. படகு தாமதம் போலிருக்கிறது. நிதானமாக வரட்டும், அவசரம் ஒன்றும் இல்லை.

மேனேஜர் பரவாயில்லை. டின் சாப்பாட்டில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டும். அதிகமானால் முகர்ந்து பார்த்துவிட்டு நம்மை ஒரு பார்வை பார்க்கிறார், குறைந்தால் சிறுநீர் குறைகிறது. உன் அப்பா ஒரு கரண்டிதான் ஊற்றுவார், நான் மூன்று ஊற்றுவேன், பிறகு சண்டை போட்டு இரண்டுக்கு வருவோம். நேற்று ஐந்து முறை போனார், ரத்தம் இல்லை. நனைந்து கட்டியான மணலை உன் அப்பா எடுத்து வந்து என்னிடம் காட்டுகிறார், நான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது! "எவ்வளவு பெரிசு பாரு" என்கிறார். பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

ஊசி காலையில் அவர், மாலையில் நான். மாற்றமே கிடையாது. என் ஷிஃப்டை நிரந்தரமாகக் காலைக்கு மாற்றச் சொல்லி வாங்கிவிட்டேன். போட்டவுடன் போய்ச் சொல்ல வேண்டும், "போட்டாச்சுங்க" என்று, முகத்தைப் பார்த்து. டாக்டரம்மாவின் கட்டளை. முதல் வாரம் அந்த ஒரு வார்த்தைதான். இப்போது போட்டாச்சுங்க என்றால், "அழுதானா?" என்கிறார். "இல்லை" என்றால், "உன் கை லேசு" என்கிறார். முந்தாநாள் அந்தப் பேச்சு எங்கெங்கோ போய் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

அசதி அப்படியேதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. காலில் நிற்க முடியாத நாளும் உண்டு. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. உன் கடிதம் வரட்டும்.

அம்மா

---

மே 26

பாப்பாவுக்கு,

அப்பா. இங்கு எல்லோரும் சௌக்கியம். இருமலை அசட்டை செய்யாதே.

உன் இரண்டு கடிதமும் சனிக்கிழமை வந்தன. தபால்காரரிடம் வாங்கியவன் நான். என்னுடையதை மாடியில் போய்ப் படித்தேன். உன் அம்மாவுடையதை அவள் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது கண் சிவந்திருந்தது. "என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டேன். "இருமலாம்" என்றாள். அவ்வளவுதான்.

நேற்று டாக்டரம்மாவிடம் போயிருந்தோம். மேனேஜரை நிறுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் ஏறியிருக்கிறான். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், கத்தவில்லை. பிறகு, "பொண்ணு எழுதிட்டாளா?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டு, "இன்னும் இல்லீங்க. கடல் சரியில்லையாம், படகே வரலை" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள். நானும், "ஆமாங்க, கடல் சரியில்லை" என்றேன்.

திரும்பி நடந்து வந்தோம். பூனைக்கூடையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம், என் முழங்காலுக்காக மெதுவாக நடந்தாள். பாலத்தைத் தாண்டியதும் என்னைப் பார்க்காமல் கேட்டாள், "கடல் எப்பங்க சரியாகும்?"

"சொல்ல முடியாது" என்றேன். "மெதுவாத்தான் ஆகும்."

சரி என்று தலையாட்டினாள்.

அதனால் பாப்பா, அடுத்த கடிதத்தில் இந்தப் பேச்சை எடுக்காதே. அவனுக்குத் திரும்ப அடைத்தால், வலியில் கிடந்தால், நான் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன், அதை உனக்குச் சத்தியமாக எழுதித் தருகிறேன். உன் கடிதம் என் கருவிப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவளுடையது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதுவரை உன் கடிதம் எங்களுக்கு வரவில்லை.

அப்பா